நீ சொன்னது இவ்வளவாக்கும்

அவரிடம் ஒரு விஷயம் சொல்லப் போவதற்கு முன்னால் நான் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்ப்பேன். முதலாளியிடம் லீவு கேட்கக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் ஒன்பது வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சாம்பிள் ரூமில் இருந்தார். மிளகு, சுக்கு, ஏலக்காய் எது வந்தாலும் மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்துப் பார்த்துத் தரம் எழுதுவது அவர் வேலை. நான் டிஸ்பாட்ச் கிளார்க். லாரி, கண்டெய்னர், காகிதம் எல்லாம் என் தலையில். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆபீஸில் எல்லோருக்கும் அக்கா, மலையாளத்தில் சேச்சி. பாலக்காட்டுக் கிராமத்துத் தமிழ் பேசுவார். நான் கொச்சியிலேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து முனிசிபாலிட்டி வேலையில் ஒட்டிக்கொண்ட குடும்பம். சேச்சியின் பெயரை எழுதவில்லை. எழுதினால், "எழுதிக்கோன்னு நான் சொன்னேனோ?" என்று கேட்பார். சொல்லவில்லைதான்.

ஒத்திகைக்குக் காரணம் அவருடைய சீட்டு. சாம்பிள் பொட்டலங்களில் ஒட்டும் பழுப்பு லேபிள்களில் மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். யாராவது பேச வந்தால் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, நாம் பேசப் பேச எழுதுவார். பேசுவது தமிழ், எழுதுவது மலையாள எழுத்தில். நாம் முடித்ததும் வாசித்துக் காட்டுவார்.

"நீ சொன்னது இவ்வளவாக்கும். மழை. தோப்பும்படிப் பாலத்தில பிளாக். டிரைவரோட மாமியாருக்குச் சுகமில்லை. சரி. இதில நான் என்ன செய்யணும்?"

லாரி வர மூன்று மணியாகும், அதுவரை சாம்பிளைக் கட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருப்பேன். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொல்லியிருப்பேன். "சேச்சிக்கே தெரிஞ்சிருக்குமே" என்றால் முகம் மாறாமல், "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே" என்பார். கோபமோ கிண்டலோ இருக்காது. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்கு இயல்பாகவே தலைக்குள் கொஞ்சம் மூட்டம். ஒரு சேதியை எந்த முனையில் பிடித்துத் தூக்குவது என்று தெரியாது. வீட்டிலும் இதே கதைதான். என் மனைவி போனில், "விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லி அது எனக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. இப்படி ஒருவனைச் சேச்சியின் சாம்பிள் ரூமுக்கு நேர் எதிரே உட்கார வைத்தது முதலாளி செய்த புண்ணியமா பாவமா என்று இன்னும் குழப்பம்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் முதலாளி ஏதாவது போட்டால் நாங்கள் பதினான்கு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். சேச்சி மட்டும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "விரல் போட்டிருக்கியே, படிச்சாச்சுன்னோ, செய்யறேன்னோ, செஞ்சாச்சுன்னோ?" ஒரு தடவை அக்கவுண்ட்ஸ் பையன் ஒருவன், "சும்மா போட்டேன் சேச்சி" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். "அப்படின்னா சும்மான்னே எழுதிடறேன்" என்று சீட்டில் எழுதி அவன் மேஜையில் ஒட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. பிய்த்துப் போடு என்று அவர் சொல்லவில்லை என்பதால் அவனும் பிய்க்கவில்லை.

ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு ஸ்கூல் புத்தகம் ஏதோ கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுத் திரும்பினார். அம்மா வழக்கம்போல, "சாப்பிட்டுப் போகலாமே" என்றாள். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் சொல்வது. செருப்பு மாட்டிய ஆளிடம்தான் சொல்வோம். அவர், "இல்லை, இன்னொரு நாள்" என்பார், நாம், "இன்னொரு நாள் கண்டிப்பா" என்போம், முடிந்தது. சேச்சி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடிச்சோறும் முந்தின நாள் ரசமும்தான். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சேச்சி அந்த ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "நன்னாருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஒரு மாதம் புலம்பினாள். அப்புறம் ஒரு நாள், "அவ நல்லாயிருந்துதுன்னு சொன்னா, அது நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். அம்மாவின் சமையலை நாங்கள் எல்லோரும் தினமும்தான் புகழ்கிறோம். எங்களை அவள் நம்பியதே இல்லை போலிருக்கிறது.

எனக்கு அவர்மேல் பிரியம் இருந்தது. பயமும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. அவரைக் கேட்டால் பிரித்துவிடுவார்.

இனி துரையண்ணன் விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கம்போல இவ்வளவு நேரம் சுற்றிவிட்டேன்.

துரையண்ணன் குடோன் ஆள். அவரும் தமிழர், இடக்கொச்சியில் வீடு. லோடிங் செய்கிறவர்களுக்கு யூனியன் உண்டு. இவர் கம்பெனியின் சொந்த ஆள், அதனால் இவருக்காகக் கொடி பிடிக்க யாரும் கிடையாது. கண்டெய்னர் வந்தால் மிளகு ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே போய் நிற்பார். கதவை வெளியிலிருந்து மூடுவார்கள். இருட்டில் இரண்டு நிமிஷம் நின்று எங்காவது ஊசி முனையளவு வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார். வெளிச்சம் வந்தால் ஓட்டை இருக்கிறது, மழைத்தண்ணீரும் வரும். உள்ளே நிற்பது துரையண்ணன். அவர் பார்த்ததை வெளியே வந்து என்னிடம் சொல்வார். ஓட்டை இருந்தால் அடைப்பதோ, கண்டெய்னரைத் திருப்பி அனுப்புவதோ என் பொறுப்பு. இல்லையென்றால் நான் புத்தகத்தில் 'ஓகே' எழுதுவேன்.

நாங்கள் ஒன்றாக இருந்த கடைசி வருஷம் ஜூலையில் போன ஒரு கண்டெய்னரைக் கடலுக்கு அக்கரையில் வாங்கியவர்கள் திறந்தபோது மேல் அடுக்கு மூன்று வரிசை மூட்டை நனைந்து பூஞ்சை பிடித்திருந்தது. போட்டோ வந்தது. கூரையின் வலது மூலையில் ஓட்டை. புத்தகத்தில் என் கையெழுத்தில் 'ஓகே'.

முதலாளி எங்கள் இருவரையும் மேலே கூப்பிட்டார். துரையண்ணன் நேராகச் சொன்னார்: "வலது மூலையில வெளிச்சம் வருதுன்னு சார்கிட்ட பறஞ்சேன். சார் போன்ல இருந்தார். சரின்னார்." முதலாளி என்னைப் பார்த்தார். நான், அன்றைக்கு மழை என்றேன். இரண்டு லாரி ஒரே நேரத்தில் வந்தது என்றேன். கஸ்டம்ஸ் ஏஜென்ட் போனில் கத்திக்கொண்டிருந்தார் என்றேன். அண்ணன் சொல்லியிருக்கலாம், எனக்கு ஞாபகமில்லை என்றேன். ஞாபகமில்லைதான் என்று அப்போது நினைத்தேன். நினைத்தேனா, நினைத்ததாக வைத்துக்கொண்டேனா, அதுவே இப்போது கலங்கிக் கிடக்கிறது.

யாராவது ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் அல்லது நான்.

சாம்பிள் ரூம் ஜன்னலிலிருந்து கண்டெய்னர் நிற்கும் முற்றம் தெரியும். அதனால் சேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்னார்: "துரை கண்டெய்னர்லேந்து இறங்கி வந்ததைப் பார்த்தேன். இவன்கிட்ட நின்னு பேசினதைப் பார்த்தேன். வலது கையை மேலே தூக்கிக் காட்டினான். இவன் போனைக் காதிலேந்து எடுக்காம அவன் பக்கம் திரும்பி ஏதோ பதில் சொன்னான். என்ன பேசிண்டான்னு எனக்குக் கேக்கலை. ஜன்னல் மூடியிருந்தது, ஏசி ஓடிண்டிருந்தது."

"ஓட்டையைப் பத்தித்தானே இருக்கும்?" என்று முதலாளி கேட்டார்.

"இருக்கலாம். நான் கேக்கலை."

அன்று சாயங்காலம் துரையண்ணனின் மனைவி வந்து சாம்பிள் ரூம் வாசலில் நின்றார். "சேச்சி, கேட்டேன்னு ஒரு வார்த்தை பறஞ்சா போதும். அவருக்கு வேற என்ன வேலை தெரியும்? சேச்சி பறஞ்சா முதலாளி நம்புவார்." அதுதான் விஷயம். சேச்சி சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். சேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேக்கலையே அம்மா. கேக்காததைக் கேட்டேன்னு சொன்னா, அதுக்கப்புறம் நான் பார்த்தேன்னு சொன்னதையும் யாரும் எடுத்துக்க மாட்டா" என்றார். அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனி முழுக்கச் சேச்சிமேல் கோபம். ஒரு ஏழையின் வேலை, ஒரு வார்த்தைக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று சாயாக் கடையில் பேச்சு. பேசியதில் நானும் ஒருவன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதிகமாகப் பேசியதே நான்தான். "சட்டம் பேசறா. மனுஷத்தன்மை வேண்டாமா?" என்றேன். எல்லோரும் என் தோளில் தட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் சேச்சி என்னைக் கூப்பிட்டார். சாயாக் கடைப் பேச்சு அவர் காதுக்குப் போயிருக்கும், வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் போனேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சீட்டை எடுத்தார்.

"ஞாபகமில்லேன்னு சொன்னே. இருக்கட்டும். ஞாபகம் இருக்கறதை மட்டும் சொல்லு. துரை வரச்சே எங்க நின்னுண்டிருந்தே?"

"எடைமேடை பக்கம்."

"கையில என்ன?"

"ஒரு கையில போன். இன்னொரு கையில இன்வாய்ஸ் பைல்."

"அவன் பேசிட்டுப் போனான். அப்புறம் நீ என்ன செஞ்சே?"

"போனை வெச்சேன். ஸ்டோருக்குப் போனேன்."

"ஸ்டோர்ல என்ன?"

"டேப் தேடினேன்."

"எந்த டேப்?"

"அந்த வெள்ளி கலர் டேப். கண்டெய்னர்ல ஓட்டை இருந்தா ஒட்டுவோமே, அது."

"கெடைச்சுதோ?"

"இல்லை. அதுக்குள்ள ரெண்டாவது லாரி ஹாரன் அடிச்சான், நான் வெளியே..."

அங்கே நான் சொல்வது எனக்கே கேட்டுவிட்டது. சேச்சி பேனாவைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் சீட்டை வாசித்துக் காட்டவில்லை. என் பக்கம் தள்ளி, "நீயே வாசி" என்றார். துரை பேசினான். போனை வைத்தேன். ஓட்டைக்கு ஒட்டும் டேப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. எல்லாம் நான் சொன்னது.

"சேச்சி போய்ச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா அது கேள்விப்பட்டதாக்கும். உனக்குன்னா அது நடந்தது. நீ சொல்லு. ஒரே வாக்கியம். துரை சொன்னான், நான் கேட்டேன். அவ்வளவுதான். வேறே ஒண்ணும் சேர்க்காதே."

நான் போனேன். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த நிமிஷமே மாடி ஏறி முதலாளி அறைக்குப் போனேன். வாயைத் திறந்ததும், துரையண்ணன் பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறார் என்றேன். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை என்றேன். அன்றைக்கு மழை என்றேன். போனில் சத்தம், ஸ்டோரில் டேப் ஸ்டாக் இல்லை, அவசரத்தில் யாருக்கும் எதுவும் விட்டுப்போகும், எனக்கே மனசு சரியில்லை, இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது பொய்யில்லை.

முதலாளி எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மலையாளத்தில் சொன்னார்: உனக்கு நல்ல மனசு. அவன் உன்மேல் பழி போட்டான், நீ அவனுக்காக வந்து நிற்கிறாய். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? ஸ்டோரில் டேப் இல்லாததையும் நான் கவனிக்கிறேன். நீ போய் வேலையைப் பார்.

நான் இறங்கினேன். 'அப்படி இல்லை முதலாளி' என்ற மூன்று வார்த்தை வாயில் இருந்தது. படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கியது நினைவிருக்கிறது. அந்த மூன்று வார்த்தைக்கு என்ன ஆனது என்று நினைவில்லை.

கீழே சேச்சி நின்றுகொண்டிருந்தார்.

"சொன்னியோ?"

"சொன்னேன்."

"எப்படிச் சொன்னே? அப்படியே எனக்குச் சொல்லு."

ஆரம்பித்தேன். துரையண்ணன் பதினோரு வருஷமாக. மழை. டேப். மனசு. அவர் முழுவதும் கேட்டார். கையில் சீட்டும் பேனாவும் இருந்தன, ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நான் முடித்ததும், "நீ சொல்லலை" என்றார்.

"சேச்சி, எனக்குச் சொல்ல வரலை. உங்களுக்கே தெரியுமே, நான் எப்பவும் இப்படித்தான்."

"எனக்குத் தெரியலை. வரலையோ, வேண்டாம்னு வெச்சியோ, அது உனக்குத்தான் தெரியும். மாடி அங்கேயேதான் இருக்கு. முதலாளியும் அஞ்சு மணி வரைக்கும் இருப்பார்." சாம்பிள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அஞ்சு மணி வரை நான் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாகத் தயார் செய்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. மறுநாள் காலையில் துரையண்ணனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் சேச்சி என்னிடம் பேசினார். லாரி எப்போது, சாம்பிள் எத்தனை, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் களமசேரியில் ஒரு பரிசோதனை லேப்பில் வேலை கிடைத்துப் போய்விட்டார். என்னால்தான் போனாரா? தெரியாது. அவர் சொல்லவில்லை. சொல்லாததை நானாக நினைத்துக்கொண்டால் அவருக்குப் பிடிக்காது. போகும் நாளில் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு என்னிடமும் வந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதாவது சொல்வாரென்று காத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, அவரும் அதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ.

பல ராத்திரி யோசித்திருக்கிறேன். என் மூட்டம் பிறவிக் குணமா? அப்படியானால் அன்றைக்கு மட்டும் அது எனக்கு இத்தனை உபகாரமாக எப்படி வந்து நின்றது? மற்ற நாளெல்லாம் அது என்னைக் கோமாளியாக்கியது. அன்றைக்கு மட்டும் நல்ல மனசுக்காரனாக்கி, வேலையும் காப்பாற்றிக் கொடுத்தது. சேச்சி பக்கத்தில் இருந்தால் இரண்டு கேள்வியில் இதைப் பிரித்துக் காட்டிவிடுவார். போன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

போன மாதம் தோப்பும்படியில் துரையண்ணனைப் பார்த்தேன். இப்போது மீன் ஏலம் எடுக்கும் ஒருவரிடம் ஐஸ் பெட்டி அடுக்குகிறார். இளைத்திருந்தார், வலது முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சாரே, அன்னைக்கு எனக்கு வேண்டி மேல போய்ப் பேசினது நீங்க ஒருத்தர்தான். கண்ணு நிறைஞ்சு பேசினீங்கன்னு முதலாளியே பறஞ்சார். நான்தான் உங்க பேரை இழுத்துவிட்டேன், நீங்க அதை மனசுல வெச்சுக்கலை. வீட்டுல இப்பவும் பறயும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சேச்சியைப் போன வாரம் பஸ்ஸுல கண்டேன். சுகந்தானே துரைன்னு கேட்டாங்க. நான் முகத்தைத் திருப்பிட்டேன். ஈரமில்லாத பொம்பளை."

"அண்ணே, அன்னைக்கு என்ன நடந்ததுன்னா" என்று ஆரம்பித்தேன். "மழை நேரம், ரெண்டு லாரி வேற..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு சாரே" என்று தடுத்துவிட்டார்.

நான் தடுக்கப்பட்டேன். சாயா வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது ஏலத்துக்குப் போகும் பெட்டியின் சொந்தக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, நல்ல அயலை மீனாகப் பார்த்து ஆறு பொறுக்கி, ஐஸ் போட்டு ஒரு கவரில் கட்டி என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வீட்டில் குழம்பு வைத்தார்கள். நான் சாப்பிட்டேன்.